ஒரு நர்ஸ், எத்தனை நோயாளிகள்? செவிலியர் பற்றாக்குறை பற்றி ஓர் எளிய விளக்கம்

செவிலியர் பற்றாக்குறை என்று செய்தியில் படித்ததும் நமக்கு நினைவுக்கு வருவது பெரும்பாலும் இதுதான்: பெல் அடித்தால் யாரும் வருவதில்லை, வந்தாலும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, ட்ரிப்ஸ் முடிந்து அரை மணி நேரமாகியும் மாற்ற ஆளில்லை. எரிச்சலான விஷயம்தான். ஆனால் டாக்டர் நல்லவராக அமைந்துவிட்டால் போதும், கவனிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன ஆகிவிடும் என்று அதோடு விட்டுவிடுகிறோம்.

இந்த நினைப்பில்தான் கோளாறு. பெல்லுக்கு ஆள் வராதது நோயாளிக்குத் தெரிகிறது, அதனால் புகார் எழுகிறது. இரவு இரண்டு மணிக்கு அவருடைய மூச்சை யாரும் எண்ணவில்லை என்பது அவருக்குத் தெரியாது. வீட்டாருக்கும் தெரியாது. பல நேரம் அந்த வார்டுக்கே தெரியாது. ஆள் குறையும்போது சத்தமில்லாமல் காணாமல் போவது இந்த இரண்டாவது வகை வேலை. ஆபத்து நுழைவதும் அந்த வழியாகத்தான்.

## நர்ஸின் வேலையில் ஒரு பகுதி கண்ணில் படாது

டாக்டர் ஒரு நாளில் ஒரு நோயாளியின் படுக்கை அருகே நிற்பது சில நிமிடங்கள். ரவுண்ட்ஸ் வருவார், பார்ப்பார், சார்ட்டில் எழுதுவார், அடுத்த படுக்கைக்குப் போவார். மிச்ச நேரம் முழுக்க அங்கே இருப்பவர் நர்ஸ். ஊசி போடுவது, மாத்திரை கொடுப்பது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது என்று அவர் செய்யும் சில வேலைகள் நமக்குத் தெரியும். அவற்றைச் செய்துகொண்டே அவர் இன்னொன்றும் செய்கிறார்: பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று எழுந்து உட்கார்ந்து பேசியவர் இன்று ஏன் திரும்பிப் படுத்தே கிடக்கிறார்? காலையில் தெளிவாக இருந்தவர் மாலையில் ஏன் கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார்?

இதைப் புரிந்துகொள்ள ஒரு குளக்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு குழந்தைகள் விளையாடுகிறார்கள், பார்த்துக்கொள்ள நீங்கள் ஒருவர். ஒரு குழந்தை விழுந்து முட்டியில் சிராய்த்துக்கொண்டால் குனிந்து கழுவி விடுவீர்கள். மற்ற மூன்றும் ஓரக்கண்ணில் இருக்கும். இப்போது எட்டுக் குழந்தைகள். ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நேரம் பாதியாகும், அவ்வளவுதானே என்று கணக்குச் சொல்லும். நடப்பது அதுவல்ல. ஒன்றுக்குத் தண்ணீர் தவிக்கிறது, ஒன்று அழுகிறது, ஒன்று செருப்பைத் தொலைத்துவிட்டது. யாரோ ஒருவருக்கு எப்போதும் ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. உங்கள் தலை குனிந்தபடியே இருக்கிறது. தண்ணீர்ப் பக்கம் யாருமே பார்க்காத சில நிமிடங்கள் உருவாகிவிடுகின்றன.

முக்கியமான இன்னொன்று: பெரும்பாலான நாள்களில் ஒன்றும் ஆகாது. எட்டும் பத்திரமாக வீடு திரும்பும். எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு ஆள் போதும் என்ற முடிவுக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள்.

மருத்துவமனை நிர்வாகங்கள் இந்த முடிவுக்கு வருவதை எத்தனையோ இடங்களில் பார்க்கலாம். "போன மாதம் இத்தனை பேரை வைத்துத்தானே சமாளித்தீர்கள்?" என்ற கேள்விக்கு நர்ஸுகளிடம் சட்டென்று ஒரு பதில் இருக்காது. நடக்காமல் போன விபத்தை யாரால் எடுத்துக் காட்ட முடியும்?

## கண்காணிப்பு: ஒரு மூச்சை எண்ணும் நேரம்

நோயாளியின் உடல்நிலை மாறுகிறதா என்று தொடர்ந்து பார்த்து, மாற்றத்தின் அர்த்தத்தை உணர்ந்து, உரியவரிடம் சொல்வதைத்தான் கண்காணிப்பு என்கிறோம். இது பொத்தாம் பொதுவாகக் கேட்கும். அதனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம்.

நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைக் கருவிகள் காட்டிவிடும். சாதாரண வார்டில் மூச்சு எண்ணிக்கைக்குப் பெரும்பாலும் கண்தான் கருவி. நோயாளிக்குத் தெரியாமல், அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். நாம் எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சு விடும் விதமே மாறிவிடும் என்பதால், நாடி பிடித்திருப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டே எண்ணும் பழக்கமும் உண்டு. ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும்.

ஏன் இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்? தொற்று ரத்தத்தில் பரவும்போதும், நுரையீரலில் நீர் கோக்கும்போதும், உள்ளே ரத்தம் கசியும்போதும் உடல் முதலில் சமாளிக்கப் பார்க்கும். மூச்சு வேகமெடுக்கும், இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் கொஞ்ச நேரத்துக்குச் சரியாகவே இருப்பது போலத் தெரியும். சமாளிக்கும் சக்தி தீர்ந்த பிறகுதான் அழுத்தம் விழும். ஆக, பல நேரம் மூச்சு எண்ணிக்கைதான் முதல் எச்சரிக்கை.

இதைவிட எளிதாகத் தவிர்க்கக்கூடிய வேலையும் இல்லை. பத்து நோயாளிகளுக்குப் பத்து நிமிடம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நர்ஸ் சும்மா நிற்பது போலத் தெரியும். அவசரத்தில் இருப்பவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு 18 என்றோ 20 என்றோ எழுதிவிடுவார். ஒரு வார்டில் எல்லா சார்ட்டிலும் 18, 20, 18 என்றே இருந்தால் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாருக்கும் இது புதிதல்ல.

அந்தப் பொய் எண்ணின் விலையைப் பாருங்கள். பிரிட்டனில் 2012-இல் ஓர் எச்சரிக்கை மதிப்பெண் முறை அறிமுகமானது. மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடி, சுயநினைவு, உடல் வெப்பம் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் போட்டுக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை ஏற ஏற நோயாளி ஆபத்தை நெருங்குகிறார் என்று பொருள். அதில் மூச்சு 12 முதல் 20 வரை என்றால் புள்ளி பூஜ்ஜியம். 25 அல்லது அதற்கு மேல் என்றால் 3 புள்ளிகள். அந்த ஒன்றுக்காகவே அவரை உடனடியாகக் கவனிக்க வேண்டும். உண்மையில் 26 மூச்சு விடுகிறவருக்குக் காகிதத்தில் 18 என்று எழுதப்பட்டால், முறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது வாயே திறக்காது.

அமெரிக்காவின் மயாமியில் வார்டில் இருந்தபோது இதயம் நின்றுபோன 64 நோயாளிகளின் குறிப்பேடுகளை ஆராய்ந்து 1990-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் 84 சதவீதம் பேருக்கு, அதற்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள்ளேயே உடல்நிலை மோசமானதற்கான அறிகுறிகள் பதிவாகியிருந்தன. "நல்லாத்தான் இருந்தார், திடீர்னு ஆயிடுச்சு" என்று நாம் சொல்வதில் எத்தனை உண்மையிலேயே திடீர்?

## மீட்கத் தவறுதல்

1992-இல் ஜெஃப்ரி சில்பர் என்ற அமெரிக்க மருத்துவரும் சகாக்களும் ஒரு புதிய அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது என்பதை மட்டும் வைத்து ஒரு மருத்துவமனையை எடைபோடுவது சரியா என்பது அவர்கள் கேள்வி. சிக்கல் வருவது பெரும்பாலும் நோயாளியின் வயது, ஏற்கெனவே உள்ள நோய்கள் போன்றவற்றைப் பொறுத்தது. ஆனால் சிக்கல் வந்தவர் பிழைப்பாரா என்பதில் மருத்துவமனையின் பங்கு பெரிது. சிக்கல் வந்த பிறகு, காப்பாற்றியிருக்கக்கூடிய நோயாளி இறந்துபோவதை மீட்கத் தவறுதல் என்று அழைத்தார்கள்.

இதை விளங்கிக்கொண்டால் பற்றாக்குறை பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இரண்டு மருத்துவமனைகளில் ஒரே மாதிரியான நோயாளிகளுக்கு ஒரே மாதிரியான சிக்கல்கள் வரலாம். அறுவை செய்த கைகளும் சமமான திறமை கொண்டவையாக இருக்கலாம். ஓரிடத்தில் கசிவு தொடங்கிய ஒரு மணி நேரத்தில் நர்ஸ் பார்த்தார், டாக்டரை எழுப்பினார், நோயாளி மறுபடி அறுவை அரங்குக்குப் போனார். இன்னோரிடத்தில் நர்ஸ் அந்தப் படுக்கைக்கு அடுத்து வந்தது ஐந்து மணி நேரம் கழித்து. வித்தியாசம் அந்த நாலு மணி நேரத்தில் இருக்கிறது.

மீட்பது என்பது ஒரு சங்கிலி: மாற்றத்தைப் பார்க்க வேண்டும், இது சாதாரணமல்ல என்று புரிய வேண்டும், சொல்ல வேண்டும், சொல்வதைக் கேட்டு டாக்டர் வர வேண்டும், சிகிச்சை தொடங்க வேண்டும். முதல் மூன்று கண்ணிகள் நர்ஸின் கையில். அவை அறுந்தால் கட்டடத்தில் எத்தனை நிபுணர்கள் இருந்தாலும் அவர்களுக்குச் செய்தியே போகாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நர்ஸின் வேலையில் கண்காணிப்பு என்ற ஒரு பகுதி உண்டு, ஒருவரிடம் நோயாளிகள் கூடும்போது அதில் ஓட்டைகள் விழுகின்றன, அந்த ஓட்டைக்குள் ஒரு சிக்கல் தொடங்கினால் மீட்கும் நேரம் கைநழுவிப் போகிறது.

## எது முதலில் விடுபடும்?

செய்ய வேண்டிய பராமரிப்பு செய்யப்படாமல் போவது, பாதியில் நிற்பது, மிகவும் தள்ளிப்போவது ஆகிய மூன்றையும் சேர்த்து விடுபட்ட பராமரிப்பு என்கிறார்கள். பியாட்ரிஸ் காலிஷ் என்ற செவிலியர் ஆய்வாளர் 2006-இல் நர்ஸுகளிடம் இதைப் பற்றி விரிவாகக் கேட்டு எழுதினார். நோயாளியை நடக்க வைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, நேரத்துக்கு ஊட்டுவது, உடல் சுத்தம், உட்கொண்ட நீருக்கும் வெளியேறிய சிறுநீருக்கும் கணக்கு வைப்பது, வீட்டுக்குப் போகும் முன் விளக்கிச் சொல்வது, ஆறுதலாகப் பேசுவது, கண்காணிப்பது என்று அவர் பட்டியல் போகிறது.

இங்கிலாந்தில் நடந்து 2014-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், தங்கள் கடைசி ஷிப்ட்டில் நேரமில்லாமல் ஒரு வேலையாவது விடுபட்டது என்று 86 சதவீத நர்ஸுகள் சொன்னார்கள். அதிகம் விடுபட்டது நோயாளியிடம் பேசி ஆறுதல் சொல்வது: 66 சதவீதம். வலிக்கு மருந்து கொடுப்பதும், எழுதிக் கொடுத்த சிகிச்சைகளைச் செய்வதும் மிகக் குறைவாகவே விடுபட்டிருந்தன.

இந்த வரிசைக்கு ஒரு தர்க்கம் இருக்கிறது. மருந்து சார்ட்டில் கையெழுத்துக்கு ஒரு கட்டம் உண்டு. கட்டம் காலியாக இருந்தால் மறுநாள் கேள்வி வரும். பேசுவதற்கும் நடக்க வைப்பதற்கும் அப்படி ஒரு கட்டம் இல்லை, அல்லது இருந்தாலும் யாரும் பார்ப்பதில்லை. எதை விட்டால் உடனே தெரியாதோ அது விடுபடும். இதைச் சோம்பல் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எட்டு மணி நேரத்தில் பதினொரு மணி நேர வேலையைத் திணித்தால் யாராக இருந்தாலும் எதையாவது விடத்தான் செய்வார்கள். எதை விடுவது என்பது மட்டும்தான் அவர்கள் கையில் இருக்கிறது.

விட்டது உடனே தெரியாது என்றேன். எப்போது தெரியும்? படுக்கைப் புண் நல்ல உதாரணம். தானாகப் புரள முடியாதவர் ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்குகிறது. அங்கே ரத்த ஓட்டம் நிற்கிறது, திசு சாகத் தொடங்குகிறது. அதனால்தான் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறார்கள். இருவர் சேர்ந்து தூக்கித் திருப்ப வேண்டிய வேலை; ஷிப்ட்டில் இருப்பதே இரண்டு பேர் என்றால், இருவரும் ஒரே படுக்கையில் நிற்கும்போது வார்டில் வேறு யாரும் இல்லை. சரி, ஒருமுறை விட்டாயிற்று, அடுத்த ஷிப்ட்டிலும் விட்டாயிற்று. ஆழத்தில் நசுங்கிய திசுவின் சேதம் மேல் தோலில் தெரிய ஓரிரு நாளாகலாம். அப்போது அது யார் டூட்டியில் நடந்தது என்று சொல்ல முடியாது. புண் ஆற வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். தினமும் அதற்குக் கட்டு மாற்றும் வேலை அதே நர்ஸுகளின் தலையில் விழும். பற்றாக்குறை இப்படித்தான் தனக்கான வேலையைத் தானே பெருக்கிக்கொள்கிறது.

நடக்க வைக்காவிட்டால் காலில் ரத்தம் உறையலாம், நெஞ்சில் சளி தேங்கி நிமோனியா வரலாம். வீட்டுக்குப் போகும் முன் எந்த மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் அதே நோயாளி மறுபடி அட்மிஷன் ஆவார். அது புதிய அட்மிஷனாகத்தான் கணக்கில் ஏறும்.

## விகிதம்: அந்த 7 சதவீதத்தின் கதை

ஒரு ஷிப்ட்டில் ஒரு நர்ஸின் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் என்பதே செவிலியர் நோயாளி விகிதம். இதைப் பற்றிய பேச்சில் திரும்பத் திரும்ப வரும் எண் 7 சதவீதம். அதைத் தப்பாக மேற்கோள் காட்டுபவர்களும் அதிகம்.

அது வந்த இடம் இது. லிண்டா ஐக்கன் என்ற செவிலியர் ஆய்வாளர் தலைமையிலான குழு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டது. அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,32,342 நோயாளிகளின் விவரங்கள் அதில் இருந்தன. ஒரு நர்ஸின் பொறுப்பில் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும், 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் அதிகமாக இருந்தது. மீட்கத் தவறும் வாய்ப்பும் அதே அளவு கூடியது.

நூறில் ஏழு பேர் கூடுதலாக இறக்கிறார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. அந்த ஆய்வில் மொத்தமாக இறந்தவர்கள் 2 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு 20 பேர். 7 சதவீதம் கூடுவது அந்த 20-இன் மீதுதான். ஒரு நர்ஸுக்கு 4 நோயாளிகள் என்பதிலிருந்து 8 என்று போனால் வாய்ப்பு 31 சதவீதம் கூடுகிறது. நான்கு முறை 7, வட்டிக்கு வட்டி போல ஏறி வரும் கணக்கு. ஆயிரத்துக்கு 20 என்பதை அடிப்படையாக வைத்தால் சுமார் 26 ஆகும். தனி ஒரு நோயாளிக்கு இது சின்ன மாற்றம். ஆண்டுக்குப் பத்தாயிரம் அறுவை சிகிச்சை நடக்கும் இடத்தில் 60 உயிர்.

சரி, ஆள் குறைவான மருத்துவமனை வேறு வகையிலும் பின்தங்கியிருக்கலாமே, பழைய கருவிகள், பணமில்லாத நிர்வாகம்? நியாயமான கேள்வி. இந்த வகை ஆய்வு இரண்டும் சேர்ந்து வருவதைக் காட்டும். ஒன்றால்தான் மற்றொன்று என்று அடித்துச் சொல்லாது. இந்தச் சந்தேகத்துக்குப் பதில் தேடிய ஓர் அமெரிக்க ஆய்வு 2011-இல் வந்தது. பல மருத்துவமனைகளை ஒப்பிடாமல், ஒரே மருத்துவமனைக்குள் ஷிப்ட் ஷிப்டாகப் பார்த்தார்கள். அதே கட்டடம், அதே டாக்டர்கள், அதே கருவிகள். அப்போதும், தேவையைவிட நர்ஸுகள் குறைவாக இருந்த ஷிப்ட்டுகளை அதிகம் சந்தித்த நோயாளிகளிடையே இறப்பு அதிகமாக இருந்தது. எனக்கு ஐயம் பெருமளவு தீர்ந்தது இதில்தான்.

## தலையை எண்ணினால் ஏமாந்து போவோம்

"30 படுக்கைக்கு 30 நர்ஸ் இருக்கிறார்கள், இதில் என்ன பற்றாக்குறை?" என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வாரத்தில் 168 மணி நேரம். ஒரு நர்ஸ் வாரம் 40 மணி நேரம் வேலை செய்கிறார் என்று வைத்தால், ஒரு இடத்தை இரவு பகலாக நிரப்பி வைக்க 4.2 பேர் வேண்டும். விடுப்பு, உடல்நலக் குறைவு, பயிற்சி எல்லாம் சேர்த்தால் 5 பேர். ஆக, 30 பேர் பட்டியலில் இருந்தால் எந்த நேரத்திலும் வார்டில் நிற்பது 6 பேர். 30 படுக்கைக்கு 6 பேர் என்றால் ஒருவருக்கு 5 நோயாளிகள். ஏராளம் என்று தோன்றிய எண்ணிக்கை இப்போதுதான் போதுமான அளவைத் தொடுகிறது. அதில் ஐந்து பேர் வேலையை விட்டுப் போனால் 6 என்பது 5 ஆகும். நடைமுறையில் பகலில் 6 பேரை வைத்துக்கொண்டு இரவில் 3 பேரை விடுவார்கள். இரவில் ஒருவருக்குப் பத்து நோயாளிகள்.

அப்புறம், எல்லா நோயாளியும் ஒன்றல்ல. ஒருவருக்கு எவ்வளவு நேரமும் கவனமும் தேவைப்படுகிறது என்பதை நோயின் கடுமை என்பார்கள். நாளை வீட்டுக்குப் போகப் போகும் ஐந்து பேரைப் பார்ப்பதும், இன்று காலை அறுவை முடிந்து வந்த ஐந்து பேரைப் பார்ப்பதும் சார்ட்டில் ஒரே விகிதம்தான். புது அட்மிஷன்களும் டிஸ்சார்ஜ்களும் இன்னொரு மறைவான சுமை. காலை பத்துப் பேர், மாலை பத்துப் பேர் என்று பதிவேடு காட்டும். நடுவில் நாலு பேர் போய் நாலு பேர் வந்திருந்தால் அந்த நர்ஸ் பதினாலு பேரைப் பார்த்திருக்கிறார். முன்னே சொன்ன 2011 ஆய்விலும், இப்படி ஆள் மாறிக்கொண்டே இருந்த ஷிப்ட்டுகளில் இறப்பு கூடியிருந்தது.

நர்ஸுக்குப் பதிலாக உதவியாளர்களைக் கூடுதலாகப் போட்டால் என்ன என்பது இன்னொரு யோசனை. குளிப்பாட்டவும் ஊட்டவும் திருப்பிப் படுக்க வைக்கவும் அவர்கள் பெரிய துணை. ஆனால் 26 மூச்சு எதைச் சொல்கிறது என்று புரிந்துகொள்ளப் படிப்பும் அனுபவமும் வேண்டும். அந்த இடத்தை அவர்களால் நிரப்ப முடியாது.

## பற்றாக்குறை ஒன்றல்ல, மூன்று

உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் 2.98 கோடி செவிலியர்கள் இருக்கிறார்கள். 2023 நிலவரப்படி இன்னும் 58 லட்சம் பேர் தேவை. அவர்கள் பரவியிருக்கும் விதம் அதைவிடக் கவலை தருகிறது: மக்கள்தொகையில் 49 சதவீதம் வாழும் நாடுகளில் 78 சதவீத செவிலியர்கள் இருக்கிறார்கள்.

இந்த எண்ணைப் பார்த்ததும் "இன்னும் நிறையக் கல்லூரி திறக்க வேண்டும்" என்று முடிவு கட்டிவிடுவது வழக்கம். பயிற்சி பெற்றவர்களே போதாது என்றால் அது சரி. ஆனால் பயிற்சி முடித்தவர்கள் வேலை தேடி அலைய, வார்டுகளில் ஆளில்லாமல் இருக்கும் நாடுகளும் உண்டு. அங்கே குறைவது நர்ஸ் அல்ல, சம்பளத்துக்கு ஒதுக்கும் பணம். மூன்றாவது வகை: வேலை இருக்கிறது, ஆளும் வருகிறார்கள், நிற்பதில்லை.

மூன்றாவதைத்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம். மேலே சொன்ன பென்சில்வேனியா ஆய்வே, கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும் நர்ஸுகள் மனம் வெறுத்துக் களைத்துப்போகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியதையும் காட்டியது. களைத்தவர் வேலையை விடுகிறார். அவர் பங்கு மிச்சமிருப்பவர்களிடம் போகிறது. டபுள் டூட்டி தொடங்குகிறது. அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்த ஷிப்ட்டுகளில் தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்காக இருந்தது. தவறு நடந்தால் விசாரணை, அவமானம்; இன்னொருவர் விலகுகிறார். புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லித்தர மூத்தவர் மிச்சமில்லை. அவரும் ஆறு மாதத்தில் போய்விடுகிறார். அடியில் ஓட்டையுள்ள தொட்டிக்கு மேலிருந்து எவ்வளவு ஊற்றினாலும் பயனில்லை என்பதால், ஆளெடுப்பதைவிட ஆளைத் தக்கவைப்பதே அவசரமான வேலை என்பது என் எண்ணம்.

## சட்டம் போட்டால் தீருமா?

கலிபோர்னியா 1999-இல் விகிதத்தைச் சட்டமாக்கி 2004-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நர்ஸுக்கு 2 நோயாளிகளுக்கு மேல் கூடாது. பொது மருத்துவ, அறுவை வார்டுகளில் 5. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016-இல், குறிப்பிட்ட சில பொது மருத்துவமனைகளின் வார்டுகளுக்குப் பகலில் சராசரியாக 4, இரவில் 7 என்று வரையறுத்தது.

செலவு தாங்காது என்பதுதான் எப்போதும் எழும் எதிர்ப்பு. குயின்ஸ்லாந்தில் சட்டத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று ஒப்பிட்ட ஆய்வு 2021-இல் வெளியானது. நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பியதிலும், மறுபடி அட்மிஷன் ஆவது தவிர்ந்ததிலும் மிச்சமான தொகை, கூடுதல் நர்ஸுகளுக்கு ஆன செலவைப் போல இரு மடங்குக்கு மேல் இருந்தது. இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு: செலவு இந்த மாதச் சம்பளப் பட்டியலில் பளிச்சென்று தெரியும், மிச்சம் ஆண்டுக் கணக்கில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். பட்ஜெட் போடுபவர் கண்ணில் முதலாவதுதான் படும்.

சட்டம் எல்லாவற்றையும் தீர்க்காது. ஆளே இல்லாத ஊரில் விகிதத்தை எழுதி வைத்தால் படுக்கைகளை மூடத்தான் வேண்டியிருக்கும். நோயின் கடுமையைக் கணக்கில் எடுக்காத விகிதம் சில வார்டுகளுக்குப் போதாது, சிலவற்றுக்கு அதிகம்.

## நோயாளியின் அருகில் இருப்பவர் செய்யக்கூடியது

பற்றாக்குறையை உறவினர்கள் ஈடுகட்ட முடியாது. ஈடுகட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனாலும் நர்ஸுக்கு இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: இந்த மனிதர் வழக்கமாக எப்படி இருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். "அவருக்கு ஒரு மாதிரி இருக்கு சிஸ்டர்" என்று சொல்வதைவிட, மாற்றத்தைக் குறிப்பாகச் சொன்னால் அவசரத்தில் இருப்பவர் காதிலும் விழும். "மத்தியானத்திலிருந்து மூச்சு வேகமாக விடுகிறார்." "என்னை அடையாளம் தெரியவில்லை, காலையில் தெரிந்தது." "காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை."

மருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கும் நர்ஸிடம் தலையணை கேட்காதீர்கள். சிட்னியில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, மருந்து கொடுக்கும் நேரத்தில் ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் தவறுகள் சுமார் 12 சதவீதம் கூடியதைக் கண்டது. ஆனால் மேலே சொன்ன மாதிரி ஒரு மாற்றம் தெரிந்தால் தயங்க வேண்டாம், அப்போது குறுக்கிடுங்கள். ஒருமுறை சொல்லி யாரும் வரவில்லை என்றால் வார்டின் பொறுப்பு நர்ஸிடம் போங்கள். அங்கேயும் நகரவில்லை என்றால் டூட்டி டாக்டரைக் கேளுங்கள். நீங்கள் சொன்ன நேரத்தை ஒரு காகிதத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் மாறும்போது புதிதாக வரும் நர்ஸிடம் அதையே இன்னொரு முறை சொல்லுங்கள். பத்து நோயாளிகளை ஒப்படைக்கும் அவசரத்தில் உங்கள் வரி விட்டுப்போயிருக்கலாம்.